சாப்ட்வேர் எழுதுபவரின் மதிப்பீடுகளும் நமது பாதுகாப்பும்

(நமது சங்கத்தின் புணே கிளை உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையைச் சற்றுத் திருத்தி எழுதியிருக்கிறேன்.)



இந்தத் தலைப்பில் பேச அழைத்தபோது கிளைச் செயலாளரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டேன். நான் சாப்ட்வேர்காரன் அல்ல. 1971இல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து, அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் சேர்ந்து, நாகபுரி, குவாலியர், ராய்ப்பூர் என்று பல ஊர்த் தண்ணீர் குடித்துவிட்டு 2011இல் ஓய்வு பெற்றவன். என் உத்தியோகம் கணக்குப் பார்ப்பது. ஓய்வுக்குப் பிறகு கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க, நாங்கள் பழைய லெட்ஜர்களில் பார்த்த அதே மனித சுபாவம்தான் அங்கேயும் இருக்கிறது என்று தோன்றியது. அதனால் துணிந்து வந்திருக்கிறேன்.

இந்த அரங்கில் பிள்ளையோ, பெண்ணோ, மாப்பிள்ளையோ, மருமகளோ சாப்ட்வேர் துறையில் இல்லாத குடும்பம் அநேகமாக இருக்காது. இன்னொரு பக்கம், நமது பென்ஷன், பிக்ஸட் டெபாசிட், ரயில் டிக்கெட், காஸ் புக்கிங், வருஷா வருஷம் நவம்பரில் நாம் உயிரோடிருக்கிறோம் என்று நிரூபிக்கும் ஜீவன் ப்ரமாண் உட்பட எல்லாமே யாரோ எழுதிய ப்ரோகிராமின் தயவில் நடக்கின்றன. எழுதுபவர்கள் நம் ஆத்துக் குழந்தைகள். எழுதியதில் ஓட்டை இருந்தால் பணத்தை இழப்பவர்கள் நாம்.

ஒரு முதியவரின் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் என்ன பேசுகிறோம்? திருடன் கெட்டிக்காரன் என்கிறோம். அல்லது அந்த மாமா அசடு, ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டார் என்கிறோம். கதவைச் செய்த தச்சனைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. இன்று நான் தச்சனைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவனுடைய திறமையைப் பற்றி அல்ல. வேலை செய்யும்போது அவன் எதைப் பெரிதாக நினைக்கிறான், எதைச் சின்ன விஷயமாக ஒதுக்குகிறான் என்பதைப் பற்றி. புதுத் தமிழில் இதற்கு விழுமியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் மதிப்பீடு என்றே சொல்கிறேன்.

முதலில் பாஸ்வேர்டை எடுத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு கம்பெனியிடம் பாஸ்வேர்டு கொடுக்கிறீர்கள். அதை அந்தக் கம்பெனி கொடுத்தபடியே எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. அரிசியை மெஷினில் கொடுத்து மாவாக்குகிற மாதிரி, ஒரு கணக்கின் வழியாக அரைத்து, மாவை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த தடவை நீங்கள் வரும்போது கொடுக்கும் பாஸ்வேர்டையும் அதேபோல அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்த்தால் போதும். திருடன் உள்ளே புகுந்தாலும் அவனுக்குக் கிடைப்பது மாவுதான். மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒவ்வொருவருடைய அரிசியிலும் வேறு வேறு உப்பைக் கலந்து அரைக்க வேண்டும். அப்போதுதான் ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கும் இருவருடைய மாவு ஒன்றுபோல இருக்காது. அந்தத் துறையிலும் இதை உப்பு என்றுதான் சொல்கிறார்கள், நான் கற்பனை செய்யவில்லை. பெல் லேப்ஸைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்ஸன் என்ற இருவர் 1979லேயே இதை விளக்கிக் கட்டுரை எழுதிவிட்டார்கள்.

சரியாக 30 வருஷம் கழித்து, 2009 டிசம்பரில், ராக்யூ என்ற அமெரிக்கக் கம்பெனியின் தகவல் கிடங்கு திருடு போயிற்று. அதில் 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் அரைக்காத அரிசியாகவே கிடந்தன. வழி தெரியாமலா அப்படி வைத்தார்கள்? கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஆயிற்றே!

ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியில், கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர்கள் 20 பேரைக் கூப்பிட்டு, ஒரு தளத்தில் உறுப்பினர் பதிவு செய்துகொள்ளும் பகுதியை எழுதச் சொன்னார்கள். பாதிப் பேரிடம், பாஸ்வேர்டைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னார்கள். மீதிப் பாதிப் பேரிடம் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லப்படாதவர்களில் ஒருவர்கூடப் பாஸ்வேர்டைப் பாதுகாப்பாக வைக்கவில்லை. ஒருவர்கூட! விவரம் தெரிந்தவர்களும் அதில் இருந்தார்கள். பின்னால் விசாரித்தபோது, கேட்டிருந்தால் செய்திருப்போம் என்றும், நிஜக் கம்பெனி வேலையாக இருந்தால் செய்திருப்போம் என்றும் பதில் வந்தது.

சரி, மாணவர்கள்தானே என்று விடாமல், அவர்களே 2019இல் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். இந்தத் தடவை கூலிக்கு ப்ரோகிராம் எழுதும் 43 தொழில்முறைக்காரர்கள். அவர்களிடம் இது சோதனை என்று சொல்லாமல் நிஜ வேலையாகவே கொடுத்தார்கள். சிலருக்கு 100 யூரோ, சிலருக்கு 200 யூரோ சம்பளம். இங்கேயும் பலர் பாஸ்வேர்டை அப்படியே வைத்து அனுப்பினார்கள். இப்படி இருக்கிறதே, பாதுகாப்பாக வைத்துத் தர முடியுமா என்று திருப்பி எழுதிய பிறகே மாற்றிக் கொடுத்தார்கள். கூலியை இரட்டிப்பாக்கியதால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கேட்டதால்தான் வித்தியாசம் ஏற்பட்டது. சிலர் செய்த வேடிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். பேஸ்-64 என்று ஒரு எழுத்து மாற்று முறை உண்டு. அதில் மாற்றி வைத்துவிட்டு, பாதுகாப்பு ஆயிற்று என்றார்கள். தமிழைத் தேவநாகரி லிபியில் எழுதி வைத்துவிட்டு ரகசியம் என்று சொல்வதைப் போல இது. இந்தப் புணேயில் தெருவில் போகிறவர்கூடப் படித்துவிடுவார்.

கணக்குத் தணிக்கை செய்தவனுக்கு இதில் ஒன்று உடனே புலப்படும். கேட்காவிட்டால் செய்யாத வேலை என்றால், அந்த வேலை அவர் மனதில் தன் வேலையின் பகுதியாகவே இல்லை. சமையலுக்கு வருபவரிடம் பாத்திரத்தைக் கழுவிவிட்டுச் சமையுங்கள் என்று யாராவது தனியாகச் சொல்கிறோமா?

ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற மனோதத்துவ அறிஞர் 1992இல், மனிதர்கள் பெரிதாக நினைப்பவற்றைப் பத்து வகையாகப் பிரித்தார். சுயமாக முடிவெடுப்பது, புதுமையில் நாட்டம், சுகம், சாதனை, அதிகாரம், பாதுகாப்பு, பிறர் சொல்லுக்கு இணங்கிப் போவது, மரபு, நம்மைச் சுற்றியுள்ளவர்களின் நலம், உலகத்தார் எல்லோருடைய நலம். இந்தப் பத்தையும் ஒரு வட்டத்தில் வைத்தார். பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை ஒன்றை ஒன்று இழுக்கும் என்பது அவர் சித்தாந்தம். எல்லாரிடமும் பத்தும் இருக்கும். எது மேலே, எது கீழே என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

இதை நம் பிள்ளைகளின் ஆபீஸுக்குப் பொருத்திப் பாருங்கள். சாதனையைப் பெரிதாக நினைப்பவனுக்கு வெள்ளிக்கிழமை டெமோவில் புதிய பொத்தான் ஓட வேண்டும். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் பூட்டு இருக்கிறதா என்பது டெமோவில் தெரியாது. தெரியாததற்கு யாரும் கை தட்டுவதில்லை. புதுமை விரும்பிக்குப் போன மாதம் வந்த கருவியை உபயோகித்துப் பார்க்க ஆசை. அதில் என்ன ஓட்டை என்று உலகத்துக்கே இன்னும் தெரியாது. இணங்கிப் போகிறவன், மானேஜர் இன்றைக்கே வேண்டும் என்றார், கொடுத்துவிட்டேன் என்பான். பாதுகாப்பு என்று ஷ்வார்ட்ஸ் சொல்வதும் பெரும்பாலும் தன்னுடைய, தன் குடும்பத்தினுடைய பத்திரம்தான். வீட்டுக் கடன் தவணை கட்டுகிற பையன் தன் வேலையின் பாதுகாப்பை நினைத்து வாயை மூடிக்கொள்கிறான். அதனால் நமது கணக்கின் பாதுகாப்பு குறைகிறது. ஒரே வார்த்தை, ஆனால் இழுப்பு எதிர்ப்பக்கம்.

இதைவிட எனக்குச் சங்கடம் தருவது நல்ல குணம் செய்யும் கெடுதல். ஒருவர் எழுதிய ப்ரோகிராமை இன்னொருவர் வரி வரியாகப் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்று கம்பெனிகளில் நியமம் உண்டு. பக்கத்து நாற்காலி நண்பன், மணி ஒன்பதாகிறது, ஆத்தில் குழந்தைக்கு ஜுரம், சீக்கிரம் ஒப்புதல் கொடுடா என்கிறான். நல்லவன் கொடுத்துவிடுகிறான். நண்பனின் முகம் எதிரே தெரிகிறது. ஆயிரம் மைல் தள்ளி ஜபல்பூரில் பென்ஷன் வாங்கும் விதவையின் முகம் அவனுக்குத் தெரிவதில்லை.

நாங்கள் ட்ரெஷரி இன்ஸ்பெக்ஷனுக்குப் போவோம். அங்கே ஸ்ட்ராங் ரூமுக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி ட்ரெஷரி ஆபீஸரிடம், இன்னொன்று ட்ரெஷரரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். 1975இல் ஸால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கான அடிப்படை விதிகளை வகுத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்றும் பாடமாக இருக்கிற கட்டுரை. அதில் ஒரு விதி, ஒரே சாவியால் திறக்கிற பூட்டைவிட இரண்டு சாவியால் திறக்கிற பூட்டு மேல் என்பது. அதைப் படித்தபோது, வெள்ளைக்காரன் காலத்து ட்ரெஷரி கோட் எழுதியவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்!

ஆனால் ஒரு சிறிய ஊரில் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். பூட்டு இரண்டு, சாவி இரண்டு, ரிஜிஸ்டரில் இரண்டு கையெழுத்து. எல்லாம் சரி. இரண்டு சாவியும் ஒரே மேஜை டிராயரில் இருந்தன. ஏன் என்றால், ஆபீஸர் தினமும் தாமதமாக வருவார், ஜனங்கள் வெயிலில் நிற்கிறார்கள், பாவமாக இருக்கிறது என்றார் அந்த ட்ரெஷரர். அவர் நாணயமானவர்தான், ஒரு பைசா குறையவில்லை. ஆனாலும் பூட்டு ஒற்றைப் பூட்டாகிவிட்டது என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். பூட்டு எதற்காக என்ற எண்ணம் போய்விட்டால் விதி மட்டும் சம்பிரதாயத்துக்கு இருக்கும்.

நம் நாட்டிலேயே 2018 பிப்ரவரியில் இதை எல்லோரும் பார்த்தோம். பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளை ஒன்றில் சுமார் 11,400 கோடி ரூபாய் மோசடி என்று அறிவிப்பு வந்தது. வெளிநாட்டு வங்கிகளுக்கு உத்தரவாதச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு ஒன்று. வங்கியின் கணக்குகளை வைத்திருக்கும் கோர் பாங்கிங் அமைப்பு இன்னொன்று. இரண்டும் இணைக்கப்படவில்லை. இதில் செய்தி போகும், அதில் பதிவு இருக்காது. 2016 ஆகஸ்டிலிருந்தே வங்கிகளை மூன்று தடவையாவது எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி பின்னால் சொன்னது. மோசடி வெளியானபின், 2018 ஏப்ரல் 30க்குள் இணைக்க வேண்டும் என்று கெடு வைத்தது. கெடு வைத்து ஓரிரு மாதங்களில் முடிக்கச் சொல்லக்கூடிய வேலை அது. அதுவரை அதை அவசரமாக நினைத்தவர் கை ஓங்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இனி நான் சொல்லப்போவது, கணக்குத் துறையில் இருந்த எவரையும் தூங்கவிடாத விஷயம். இங்கிலாந்தின் தபால் இலாகா 1999 முதல் தன் கிளைகளில் ஹொரைஸன் என்ற கணக்கு சாப்ட்வேரைக் கொண்டுவந்தது. அதை நடத்தியது ஃபுஜித்ஸு கம்பெனி. கிளைகளை நடத்துபவர்கள் கமிஷனுக்கு வேலை செய்யும் சப்-போஸ்ட்மாஸ்டர்கள். பலர் கடையோடு சேர்த்துத் தபால் கிளையும் நடத்துபவர்கள். அவர்களில் நம் இந்திய வம்சாவளியினரும் உண்டு. சாப்ட்வேரில் பிழைகள் இருந்தன. கிளையில் இல்லாத பணத்தை இருக்க வேண்டும் என்று கணக்கு காட்டும். இலாகா என்ன செய்தது? பணத்தைக் கட்டு என்றது. கட்ட முடியாதவர்கள்மேல் திருட்டு வழக்கு, பொய்க் கணக்கு வழக்கு. 1999க்கும் 2015க்கும் இடையில் 900 பேருக்கு மேல் தண்டனை பெற்றார்கள். சிலர் ஜெயிலுக்குப் போனார்கள், சொத்தை இழந்தார்கள், சிலர் உயிரையே விட்டார்கள்.

இதில் பாதுகாப்பு எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். ஃபுஜித்ஸு ஊழியர்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்தபடியே கிளையின் கணக்கில் பதிவுகளைச் சேர்க்க முடிந்தது, சப்-போஸ்ட்மாஸ்டருக்குத் தெரியாமலே. அதாவது, என் லெட்ஜரில் எனக்குத் தெரியாமல் இன்னொருவர் எழுதலாம், பொறுப்பு மட்டும் என்னுடையது. வெளியிலிருந்து அப்படித் தொடவே முடியாது என்று இலாகா வருஷக்கணக்கில் சாதித்தது. அங்கே ஆதரவுப் பிரிவில் முன்பு வேலை பார்த்த ரிச்சர்ட் ரோல் என்ற பொறியாளர் 2015இல் பி.பி.சி.யிலும், பிறகு லண்டன் கோர்ட்டிலும், முடியும், நாங்களே செய்தோம் என்று சொன்னார். 2019 டிசம்பரில் 555 பேர் தொடுத்த வழக்கில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 2024 மே மாதம் பார்லிமெண்டே ஒரு சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளைத் துடைத்தது.

அந்த அமைப்பை எழுதியவர்களும் பராமரித்தவர்களும் ராக்ஷஸர்கள் அல்லர். திறமைக்காரர்கள் அவர்களிலும் இருந்தார்கள். ஆனால் அந்த இடத்தில் எது மேலே இருந்தது? ஒப்பந்தம் தொடர வேண்டும், சாப்ட்வேரின் பெயர் கெடக்கூடாது. மிஷின் பொய் சொல்லாது, மனிதன்தான் சொல்வான் என்ற எண்ணம் வேறு. கணக்கு ஒத்துவராத பலரிடம், உங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று சொல்லப்பட்டது. இதைப் படித்தபோது, பிழை செய்ததைவிட இந்த ஒரு வாக்கியம்தான் எனக்குக் கோபத்தைத் தந்தது.

கம்பெனிகளுக்கும் இந்த மேல் கீழ் வரிசை உண்டு, அதை மாற்ற முயன்றவர்களும் உண்டு. 2001இல் கோட் ரெட், நிம்டா என்ற விஷமிகள் உலகத்துக் கம்ப்யூட்டர்களைப் படுத்திய பிறகு, 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் ஊழியர்கள் எல்லாருக்கும் கடிதம் எழுதினார். புது வசதியா, பாதுகாப்பா என்று வந்தால் பாதுகாப்பைத் தேர்ந்தெடுங்கள் என்பது அதன் சாரம். விண்டோஸ் வேலையை நிறுத்திவைத்து ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பலனும் இருந்தது. ஆனால் 2023இல் மைக்ரோஸாஃப்டின் மெயில் சேவைக்குள் அந்நியர்கள் புகுந்து அமெரிக்க அரசு அதிகாரிகளின் கடிதங்களைப் படித்தார்கள். அதை விசாரித்த அரசு வாரியம் 2024இல், கம்பெனியின் பாதுகாப்புக் கலாசாரமே போதாது என்று எழுதியது. உடனே அந்த மே மாதம் ஸத்யா நாதெள்ளா ஒரு கடிதம் எழுதினார். சாரம், 22 வருஷம் முன்பு கேட்ஸ் எழுதியதேதான்! பெரிய கம்பெனியிலும் இந்த வரிசை தானாக நிற்பதில்லை. வெள்ளையடித்த சுவர் மாதிரி, மழை பெய்யப் பெய்யக் கரைகிறது.

இதுவரை குறையாகவே சொன்னேன். மாற்றி இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். இருவரையும் எனக்கு நிரம்பப் பிடிக்கும்.

முதலாமவர் க்ளிஃப் ஸ்டோல். வானசாஸ்திரம் படித்தவர். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிசாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. 1986இல், கம்ப்யூட்டர் உபயோகித்த நேரத்துக்கான கணக்கில் 75 சென்ட் இடிக்கிறது, பார் என்று கொடுத்தார்கள். முக்கால் டாலர்தானே என்று தள்ளுபடி எழுதியிருக்கலாம். அவர் விடவில்லை. மாதக்கணக்கில் பின்தொடர்ந்தார். ஜெர்மனியிலிருந்து ஒருவன் உள்ளே புகுந்து, அமெரிக்க ராணுவத் தளங்களைத் துழாவி, சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்றுவந்தது வெளியாயிற்று. டிரையல் பாலன்ஸில் ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி பத்து மணி வரை உட்கார்த்திவைத்த பழைய சூப்பரின்டெண்டென்ட்களை நினைத்துக்கொண்டேன். சின்ன வித்தியாசத்துக்குள் இரண்டு பெரிய வித்தியாசங்கள் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு ஒளிந்திருக்கும் என்பார்கள் அவர்கள்.

இரண்டாமவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட். போஸ்ட்கிரெஸ் என்ற தகவல் கிடங்கு சாப்ட்வேரை எழுதுபவர்களில் ஒருவர். 2024இல் தன் வேலைக்காக ஏதோ வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழையும் எஸ்.எஸ்.ஹெச். என்ற வாசல் திறக்க வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுத்துக்கொள்வதைக் கவனித்தார். அரை விநாடி! நான் மூக்குக் கண்ணாடியைத் தேடும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஏன் என்று தோண்டினார். எக்ஸ்.இஸட். என்ற, கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்னப் பொதுவுடைமை சாப்ட்வேருக்குள் யாரோ ரகசியக் கதவு வைத்திருந்தார்கள். மார்ச் 29ஆம் தேதி அதைப் பகிரங்கமாக எழுதினார். உலகத்துச் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. அந்தப் பதிப்பு எல்லாவற்றுக்கும் பரவுவதற்குள் தடுத்துவிட்டார்கள்.

அந்தக் கதவு எப்படி உள்ளே வந்தது என்பதுதான் நமக்குப் பாடம். அந்தச் சாப்ட்வேரைப் பல வருஷமாக ஒருவர் சம்பளமில்லாமல், பொழுதுபோக்காகக் கவனித்துவந்தார். தனக்கு மனநலம் சரியில்லை, வேகமாகச் செய்ய முடியவில்லை என்று அவர் வெளிப்படையாகவே எழுதியிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒரு ஆசாமி 2021இல் வந்து உதவி செய்ய ஆரம்பித்தார். 2022இல் வேறு சில பெயர்களில், ஏன் இவ்வளவு தாமதம், இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று நச்சரிப்புக் கடிதங்கள் வந்தன. கடைசியில் உதவிக்கு வந்தவர் கையில் சாவி போயிற்று. ஜியா டான் யார் என்பது வெளிவரவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாகச் சேவை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, அதன்பின் கதவை வைத்திருக்கிறார்கள். உழைத்தவரின் நல்ல மனசும் களைப்புமே ஓட்டையாகிவிட்டன. அந்த இலவச உழைப்பின்மேல் கோடி கோடியாகச் சம்பாதித்த கம்பெனிகளில் எத்தனை பேர் அவருக்கு ஒத்தாசையாக ஒரு ஆளை அனுப்பினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2023இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. நல்லதுதான். அபராத பயத்தால் பூட்டு வாங்குவார்கள். சாவிகள் எந்த டிராயரில் இருக்கின்றன என்று பார்க்க ஆள் வேண்டும்.

உரை முடிந்து கேள்வி நேரத்தில் ஒரு மாமி எழுந்து கேட்டதையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். என் பிள்ளை பெங்களூரில் இருக்கிறான். இதில் ஓட்டை இருக்கிறது என்று அவனுக்கே தெரிகிறது. சொன்னால், அடுத்த ரிலீஸில் பார்க்கலாம் என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். சண்டை போட்டு வேலையை விட முடியுமா? அவன் என்னதான் செய்வது?

விட வேண்டாம் மாமி, எழுதி வைக்கச் சொல்லுங்கள் என்றேன். சர்க்கார் ஃபைலில் நாங்கள் நோட்டிங் எழுதுவோம். இன்ன தேதி, இன்ன இடத்தில் இன்ன குறை, இதனால் இன்னாருக்கு இன்ன நஷ்டம் வரக்கூடும், சரி செய்ய இத்தனை நாள் ஆகும், உத்தரவு வேண்டுகிறேன். கோபம் வேண்டாம், உபதேசம் வேண்டாம். நஷ்டம் யாருக்கு என்ற வரியை மட்டும் விடக்கூடாது. அதைப் படித்தபின் ஒத்திப்போடுகிறவர் தன் கையெழுத்தைப் போட்டுத்தான் ஒத்திப்போட வேண்டும். பாதிப் பேர் அங்கேயே யோசிப்பார்கள்.

யோசிக்காவிட்டாலும் அந்தக் காகிதம் வீண் போகாது. ஹொரைஸன் வழக்கைச் சொன்னேனே, அங்கேயும் பிழைகளைக் கண்ட ஊழியர்கள் தெரிந்த பிழைகளின் பதிவேடு என்று ஒன்றில் அவ்வப்போது குறித்து வைத்திருந்தார்கள்.  வருஷங்கள் கழித்து 2019 வழக்கில் அந்தக் குறிப்புகள்தான் கோர்ட்டுக்கு வந்தன. பிழை கிளைக்காரருடையதல்ல, சாப்ட்வேருடையது என்று நீதிபதி முடிவுக்கு வர அவை முக்கியச் சாட்சியமாயின. எழுதியவர்களில் பலருக்குத் தாங்கள் எழுதியது ஒருவரை நிரபராதி என்று காட்டும் என்று அன்றைக்குத் தெரிந்திருக்காது.

மாமி, அவனுக்கு நோட்டிங் எழுதத் தெரியாதே என்றார். மாதிரி ஒன்று எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். வேண்டும் என்கிற மற்ற உறுப்பினர்களும் கிளை அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.